வகுப்பில் சின்னம்மை வந்தால் பிரான்சில் பள்ளி என்ன செய்யும்?

அன்புத் தங்கைக்கு,

புதுச்சேரி நெல்லித்தோப்பிலிருந்து பாரிசுக்கு அருகிலுள்ள சார்செலுக்குக் குடிவந்து ஒரு பள்ளியாண்டுகூட முடியாத நிலையில், மகளின் மத்தெர்னெல் (மழலையர் பள்ளி) வகுப்புக் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துப் பதறிப்போய் எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை என்று மட்டும் அதில் இருந்தது, எந்தப் பிள்ளை என்று ஆசிரியை சொல்லவில்லை, பள்ளிக்கு விடுமுறையும் விடவில்லை. இது அலட்சியமா, மகளை வீட்டில் நிறுத்திக்கொள்ளலாமா என்பது உங்கள் கேள்வி. அலட்சியம் இல்லை. மகளுக்கு உடம்பில் ஒன்றும் இல்லாதவரை நிறுத்தவும் வேண்டாம்.

நம் ஊரில் காய்ச்சல் பரவினால் பள்ளியை மூடிப் பார்த்துப் பழகியவர்கள் நாம். 2023 மார்ச்சில் இன்புளுயன்சா காய்ச்சல் கூடியபோது புதுச்சேரி அரசு 16ஆம் தேதி முதல் 26ஆம் தேதி வரை எட்டாம் வகுப்பு வரைக்கும் விடுமுறை அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே பள்ளியை மூடுவது மிக அரிது. எந்த நோய்க்கு எத்தனை நாள் பிள்ளையை விலக்கி வைக்க வேண்டும் என்பதற்கு 1989ஆம் ஆண்டு மே மாத அரசாணையும், அதன்பின் பொதுச் சுகாதார உயர்மன்றம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இருக்கின்றன; தலைமை ஆசிரியர் தம் விருப்பப்படி எதையும் முடிவு செய்வதில்லை. தட்டம்மை என்றால் தடிப்பு தோன்றியதிலிருந்து 5 நாள், பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் கண்டதிலிருந்து 9 நாள், ஸ்கார்லெட் காய்ச்சல் என்றால் ஆன்டிபயாட்டிக் தொடங்கிய பிறகு 2 நாள் என்று கணக்கு உண்டு. பேனுக்கும் கண்வலிக்கும் பிள்ளையை விலக்கி வைப்பதே இல்லை என்பது நம்மவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

சின்னம்மைக்கும் பிள்ளையைக் கட்டாயமாக விலக்கி வைப்பது கிடையாது. நோய் கடுமையாக இருக்கும் நாட்களில் பிள்ளையை அனுப்பாமல் இருப்பது நல்லது என்று மட்டுமே சொல்கிறார்கள். காரணம் எளிது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடுகிறது. தொற்றிய பிள்ளைக்கு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். ஆகவே தாள் ஒட்டப்படும் நாளில் உங்கள் மகளுக்கு ஒட்ட வேண்டியது பெரும்பாலும் ஒட்டியிருக்கும். இன்று நிறுத்தினால் மூன்று வாரம் நிறுத்த வேண்டிவரும். அப்படி நிறுத்தியும் பயன் உறுதியில்லை. மாறாக, மூளைச்சவ்வுக் காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் தொற்று ஒரு பிள்ளைக்குக் கண்டால், அரசுச் சுகாதார அதிகாரிகள் உடனே இறங்கி, நெருங்கிப் பழகியவர்களைத் தேடித் தடுப்பு மருந்து கொடுக்கச் செய்வார்கள். அப்போது வரும் தொலைபேசி அழைப்பை மட்டும் ஒருபோதும் தவறவிடாதீர்கள்.

பெயரைச் சொல்லாததற்காக ஆசிரியையின் மேல் வருத்தப்பட வேண்டாம். பிள்ளையின் நோய் அந்தக் குடும்பத்தின் அந்தரங்கம் என்று இங்கே கருதுகிறார்கள். நாளை உங்கள் மகளுக்கு வந்தாலும் அதே காவல் அவளுக்கும் உண்டு. ஆனால் பள்ளிக்கு நீங்கள் மறைக்கக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம்மவர்களில் சிலர் 'வீட்டில் அம்மா வந்திருக்கிறாள்' என்பதை அன்னியரிடம் சொல்லத் தயங்கி, வெறும் சளி என்று சொல்லிவிடுகிறார்கள். அதே வகுப்பில் கர்ப்பிணியான தாய் ஒருவர் இருக்கலாம், புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள பிள்ளை இருக்கலாம். அந்தத் தாள் முதலில் அவர்களுக்காகத்தான் ஒட்டப்படுகிறது. என் சின்னவனுக்கு வந்தபோது, மதியத் தூக்கத்துக்குச் சட்டை மாற்றிவிட்ட உதவியாளர் அம்மாள்தான் காதுக்குப் பின்னால் நீர்கோத்த இரண்டு பொட்டுகளைப் பார்த்து எனக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர்வதற்குள் அவனை ஒரு மூலையில் படப் புத்தகத்தோடு உட்கார வைத்திருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

உங்கள் மாமியார் சொல்வதுபோல் வேப்பிலை செருகுவதற்கும் பத்தியச் சாப்பாட்டுக்கும் எந்தத் தடையும் இல்லை. மூன்றாம் தண்ணீர் வரை குளிக்கவே விடக்கூடாது என்பதில் மட்டும் இங்குள்ள மருத்துவர்கள் வேறுபடுவார்கள்: வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நகத்தை ஒட்ட வெட்டிவிடச் சொல்வார்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். சின்னம்மையின்போது இபுப்ரோஃபென் கொடுத்தால் தோலில் கடுமையான தொற்று ஏற்படும் அபாயம் உண்டு; ஆஸ்பிரினும் கூடாது. ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்னம்மையைவிட உங்களுக்கு அவசரமானது அதுதான். 2018 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இங்கே தடுப்பூசிப் பட்டியல் மிக நீண்டது. அதில் ஏதேனும் குறைந்தால் பள்ளி தற்காலிகமாகத்தான் சேர்த்துக்கொள்ளும். 3 மாதத்துக்குள் சரிசெய்துவிட வேண்டும். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்ட தடுப்பூசிகள் இங்கே செல்லும், ஆனால் இடைவெளிகள் உண்டு. நம் ஊரில் போடுவது தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி. அதில் பொன்னுக்கு வீங்கிக்கான தடுப்பு சேர்ந்திருக்காது, இங்கே கேட்கும் ஊசியில் மூன்றும் உண்டு. ஒன்பதாவது மாதத்தில் போட்ட முதல் தவணையையும் இங்குள்ள மருத்துவர் கணக்கில் கொள்ளாமல், ஒரு வயதுக்குப் பிறகு இரண்டு தவணை கேட்கலாம். மெனிங்கோகாக்கஸ் ஊசி நம் அரசு அட்டவணையிலேயே இல்லை. ஆகவே நெல்லித்தோப்பு வீட்டிலுள்ள தடுப்பூசி அட்டையின் எல்லாப் பக்கங்களையும், தேதி தெளிவாகத் தெரியும்படி, மாமியாரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதியில் உள்ள தாய்-சேய் நல நிலையத்துக்குப் போங்கள். 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே இலவசமாகவே பார்ப்பார்கள், இங்குள்ள உடல்நலப் பதிவேட்டிலும் பழைய தேதிகளை எழுதித் தருவார்கள்.

வேலைக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று மருத்துவர் சான்று கொடுத்தால், ஆண்டுக்கு 3 நாள் விடுப்பு சட்டப்படி உங்களுக்கு உண்டு. சம்பளம் மட்டும் கிடைக்காது. மூன்றோ அதற்கு மேலோ பிள்ளைகள் இருந்தால் 5 நாள். உங்கள் துறையில் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். வேலையிடத்தில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.