வீடு மாறினால் வாக்காளர் பட்டியலில் பெயரும் தானாக மாறிவிடுமா?

கேள்வி: "வீடு மாறி 8 மாதம் ஆகிறது. வங்கி, அலுவலகம், காப்பீடு எல்லா இடத்திலும் முகவரியை மாற்றிவிட்டேன். வாக்காளர் பட்டியலில் மட்டும் தனியாக மாற்ற வேண்டுமா? தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக்கொண்டால் போதாதா?"

பல நாடுகளில் தனியாகத்தான் மாற்ற வேண்டும். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கவும் கூடாது. இரண்டையும் நான் பட்டுத் தெரிந்துகொண்டவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நானும் உங்களைப் போல ஒருமுறை வீடு மாறினேன், பட்டியலை மறந்தேன். "பழைய இடத்தில் பெயர் இருக்குமே, அங்கேயே போய்ப் போட்டுவிடலாம்" என்று ஒரு நினைப்பு. வாக்குப்பதிவு நாளில் போய் வரிசையில் நின்றேன். அலுவலர் பட்டியலை இரண்டு தடவை புரட்டிவிட்டு, பெயர் நீக்கப்பட்டிருக்கிறது என்றார். இவர் இங்கே இல்லை என்று பழைய வீட்டில் குடியிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது உண்மைதானே! அது குறித்த கடிதமும் அந்த வீட்டுக்கே போயிருந்தது. கையில் அடையாள அட்டை, முகத்தில் அசடு. திரும்பி வந்தேன்.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. வாக்காளர் பட்டியலை நாம் ஆட்களின் பட்டியல் என்று நினைக்கிறோம். அதைப் பராமரிப்பவர்களுக்கு அது வீடுகளின் பட்டியல். இந்தத் தொகுதி, இந்தப் பாகம், இந்தத் தெரு, இந்தக் கதவு எண், அதற்குள் இன்னார். வீட்டை விட்டு நீங்கள் போய்விட்டால், அந்த வரியில் நீங்கள் ஒரு பிழை. பிழையைத் திருத்துவது அவர்கள் வேலை. புதிய இடத்தில் சேர்ப்பது உங்கள் வேலை. முதல் வேலை நடந்து இரண்டாவது நடக்காத இடைவெளியில் மாட்டிக்கொள்பவர்கள்தான் தேர்தலுக்குத் தேர்தல் புலம்புகிறவர்கள்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. சுவீடனில் மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்து தேர்தலுக்கு 30 நாள் முன்பு பட்டியலை எடுத்துவிடுகிறார்கள். வாக்காளர் தனியாக விண்ணப்பிக்க எதுவும் இல்லை. மலேசியாவில் 2021 டிசம்பர் முதல் 18 வயது ஆனவுடன் பெயர் தானாகச் சேர்கிறது. ஆனால் கவனியுங்கள், அடையாள அட்டையில் எந்த முகவரி இருக்கிறதோ அந்தத் தொகுதியில்தான் சேர்கிறது. வேறு ஊரில் பத்து வருடமாக இருப்பவர் அட்டையை மாற்றாவிட்டால் பழைய ஊர்தான் அவர் தொகுதி. பதிவு தானாக நடக்கலாம், முகவரி தானாக நகராது. கனடாவில் வருமான வரிப் படிவத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது, அதில் சம்மதம் தெரிவித்தால் உங்கள் விவரம் தேர்தல் அமைப்புக்குப் போய்விடும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. வரிப் படிவத்தை எப்படியும் நிரப்பித்தானே ஆக வேண்டும்.

சரி, நீக்குவது எப்படி நடக்கிறது? அமெரிக்காவில் 1993-ல் வந்த தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம், வாக்களிக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவர் பெயரை எடுக்கக் கூடாது என்கிறது. ஆனால் இடம் மாறியிருப்பார் என்று தோன்றினால் ஒரு பதில் அட்டையை அஞ்சலில் அனுப்புவார்கள். பதில் வராமல், அதன்பின் வரும் இரண்டு கூட்டாட்சிப் பொதுத் தேர்தல்களிலும் அவர் வாக்களிக்காமல் இருந்தால் நீக்கிவிடலாம். இதைப் படித்தபோது எனக்கு என் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. வீடு மாறியவரிடம் "வீடு மாறிவிட்டீர்களா?" என்று அஞ்சலில் கேட்டால், அது அவர் கைக்குப் போய்ச் சேருவதே அதிர்ஷ்டம்தான். முறையைக் குறை சொல்லவில்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள், இடம் மாறியவர்கள் எல்லோரும் அப்படியே கிடந்தால் பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள். அந்த அட்டை பழைய வீட்டுக்குப் போகும் முன் நாம் முந்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் இரண்டாவது கேள்வி, தேர்தல் அறிவித்த பிறகு. இதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். அங்கே பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். தேர்தல் நடத்துவதற்கான ஆணை வெளியான பிறகு 7 நாள் பட்டியல் திறந்திருக்கும் என்பது வழக்கமாக இருந்தது. 2006-ல் அதைச் சுருக்கினார்கள்: புதிதாகச் சேர்பவர்களுக்கு ஆணை வெளியாகும் அன்று இரவு 8 மணியோடு சரி, முகவரி மாற்றுபவர்களுக்கு மூன்றாம் வேலை நாள் வரை. 2010 தேர்தலின்போது இரண்டு இளைஞர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒருவர் அப்போதுதான் 18 வயது ஆனவர், இன்னொருவர் உங்களைப் போல வீடு மாறியவர். நீதிபதிகள் 4-க்கு 3 என்று பிரிந்து, அந்தச் சுருக்கம் செல்லாது என்றார்கள். 7 நாள் திரும்ப வந்தது. அத்தனை பேர் கடைசி நேரத்தில்தான் விழித்துக்கொள்கிறார்கள் என்பது அந்த வழக்கின் பின்னணி. நாம் எல்லோரும் ஒரே ஜாதி!

இந்தியாவில் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்கான சேர்ப்பும் மாற்றமும் முடிந்துவிடும். விண்ணப்பத்தை விசாரித்து முடிவெடுக்கவும் நாள் வேண்டும் என்பதால், உண்மையான கெடு அதற்கும் முன்னாலேயே வந்துவிடுகிறது. பிரிட்டனில் வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்பு கதவு சாத்தப்படும். சுவரொட்டிகள் கண்ணில் படத் தொடங்கும் நேரத்தில் இந்தக் கெடு நெருங்கியிருக்கும், அல்லது போயே போயிருக்கும்.

அப்புறம், இதில் பலர் செய்யும் ஒரு தவறு: இடம் மாறியதற்குப் புதிதாகப் பதிவு செய்வது. இந்தியாவில் படிவம் 6 முதல்முறை சேர்பவர்களுக்கு, இடமாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. மாறியவர் 6-ஐ நிரப்பினால் பழைய பெயர் அங்கே, புதிய பெயர் இங்கே என்று இரண்டு ஆகிவிடும். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஒருவருக்கு ஓர் இடம்தான் என்கிறது. பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தெரியாமல் செய்தவர்களைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள் என்று பயமுறுத்தவில்லை, ஆனால் அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். பிரிட்டனில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் இரண்டு முகவரியிலும் பதிந்துகொள்ளலாம், பொதுத் தேர்தலில் ஓர் இடத்தில் மட்டும் வாக்களிக்க வேண்டும். ஆக, நண்பர் சொன்னார் என்று செய்யாமல் நீங்கள் இருக்கும் நாட்டின் விதியைப் பாருங்கள்.

அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் வாக்காளர் அட்டை கையில் இருப்பது மட்டும் போதாது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால், தேர்தல் ஆணையம் ஏற்கும் வேறு அடையாள ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம். நம்மில் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம். நானும்தான்.

நம் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓர் ஆவணத்தில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக. பட்டியலில் தேடும்போது கிடைக்கவில்லை என்றால் உடனே நீக்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டாமல், எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேடிப் பாருங்கள்.

விண்ணப்பித்ததும் வேலை முடிந்துவிடாது. ஒப்புகை எண்ணைக் குறித்து வையுங்கள், வரைவுப் பட்டியல் வெளியானால் உங்கள் வரியைத் தேடிப் படியுங்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு நான் விண்ணப்பித்தபோது வரைவுப் பட்டியலில் பெயர் சரியாக வந்திருந்தது, கதவு எண் பக்கத்து வீட்டுடையது. ஆட்சேபணைக் காலம் முடிய நான்கு நாள் இருந்தது, திருத்த மனு கொடுத்துவிட்டேன்.