கணக்கிலிருந்து கணினிக்கு

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் 9 ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் நான், 33 வயதில் மென்பொருள் துறைக்கு மாற முடியுமா? – வாசகி ஒருவர்

பதில்: முடியும், ஆனால் கையிலுள்ள வேலையை இப்போதே விட்டுவிடாதீர்கள். வரவும் செலவும் ஒன்றாகப் பதியப்படாவிட்டால் பரீட்சை மீதி (வரவு, செலவு மீதிகளை ஒப்பிடும் பட்டியல்) சமப்படாது என்பதை அனுபவத்தில் அறிந்த உங்களுக்கு, ஒரு கொடுக்கல் வாங்கலின் எல்லாப் பகுதிகளும் பதிவாக வேண்டும், இல்லையேல் எதுவுமே பதிவாகக்கூடாது என்ற தரவுத்தள விதி புதிதாகத் தோன்றாது. ஆகவே, 1974இல் ஐபிஎம் ஆய்வாளர்களான சேம்பர்லினும் பாய்ஸும் அறிமுகப்படுத்திய, இன்றும் கணக்கியல் மென்பொருள்கள் பலவற்றுக்கு அடித்தளமாக விளங்கும் எஸ்.கியூ.எல். எனும் தரவுத்தள வினவல் மொழியிலிருந்து தொடங்குங்கள். ஆலையின் நெற்கொள்வனவுப் பதிவுகளையே, முதலாளியின் அனுமதியோடு, பயிற்சித் தரவாகக் கொள்ளலாம். அதன்பின் பைதான் எனும் நிரல்மொழி.

பட்டம் அவசியமெனக் கருதினால், கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் ஆரம்பித்த வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டத்தைத் தொழில் செய்துகொண்டே படிக்கலாம். அது ஆங்கில மொழிமூலமானது என்பதால் (நம்மவர் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்) வாசிப்புப் பழக்கத்தை இன்றே ஆரம்பியுங்கள். முதல் வேலையாக நிரலாளர் பதவியைவிட, கணக்கியல் மென்பொருளைப் பரிசோதிக்கும் பணியையே நான் பரிந்துரைப்பேன். ஐந்தொகையில் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.