எதுகையில் ஊறிய விஷம்

கேள்வி: வீட்டுக்குள் நுழைந்த அரணையை அடித்துக் கொன்றேன். உடல் அடங்கிய பிறகும் அறுந்த வால் துடித்துக்கொண்டே இருந்தது. அது விஷத்தின் வேகம்தானே? ‘அரணை கடித்தால் மரணம்’ என்பதை அறிவியல் ஒப்புக்கொள்கிறதா?

பதில்: இல்லை. அரணைக் குடும்பத்தில் 1,700க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கடித்து மனிதனைக் கொல்லும் விஷம் அவற்றில் எதற்கும் கிடையாது. ‘அரணை’க்கு ‘மரணம்’ எதுகையாக வாய்த்துவிட்டது, அவ்வளவுதான். ஓணானுக்கு அப்படியொரு சொல் அகப்படாததால் அது தப்பித்தது.

கடிபட்டு யாரும் சாகவில்லையே என்று எவனோ ஒருவன் கேட்டிருக்க வேண்டும். அவன் வாயை அடைக்க இன்னொரு கதை பிறந்தது: அரணை கடிக்கத்தான் வரும், வந்த காரியத்தை மறந்து திரும்பிவிடும்! ‘அரணை புத்தி’ என்று மறதிக்காரர்களைத் திட்டுகிறோமே, அது இதுதான். ஆஸ்திரேலியாவில் ஷிங்கிள்பேக் என்றொரு அரணை இருக்கிறது. மொட்டை வால், தேவதாரு நெற்று போன்ற செதில்கள். மைக்கேல் புல் என்ற விலங்கியலாளர் 1982 முதல் அவற்றைப் பின்தொடர்ந்தார். ஆண்டின் பெரும்பகுதி தனித்துத் திரியும் ஆணும் பெண்ணும், வசந்தம் வந்ததும் பழைய துணையையே தேடிச் சேர்கின்றன. சில ஜோடிகள் 20 ஆண்டுகளுக்கு மேல் இப்படிச் சேர்ந்திருக்கின்றன. திருமண நாளை மறக்கும் கணவர்கள் இனி அரணையை உவமை சொல்லாதிருப்பது நல்லது.

வாலுக்கு வருகிறேன். வால் எலும்புகளுக்குள்ளேயே முறிவதற்கென்று பலவீனமான இடங்கள் உண்டு. எதிரி பிடித்ததும் தசைகள் இறுகி, வால் கழன்றுவிடும். உள்ளிருக்கும் நரம்புகளின் உசுப்பலில் அது சில நிமிடங்கள் துள்ளும். எதிரி அதில் மயங்கி நிற்க, உடல் ஓடிவிடும். உங்களிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. வால் மறுபடி முளைக்கும் என்பது உண்மை. ஆனால் எலும்புக்குப் பதில் குருத்தெலும்புத் தண்டுதான் இருக்கும். சேமித்த கொழுப்பும் பழைய வாலோடு போய்விடும்.

பளபளப்பும் குட்டைக் கால்களும் வழுக்கிச் செல்லும் நடையும் பாம்பை நினைவூட்டுகின்றன. பயத்துக்கு அதுவும் ஒரு காரணம். காலே இல்லாத அரணைகளும் உண்டு.

விஷம் வேண்டியே தீரும் என்றால் நியூகினித் தீவுக்குப் போகலாம். அங்கே சில அரணைகளுக்கு ரத்தமே பச்சை. பிலிவெர்டின் என்ற பித்த நிறமி அதில் ஏராளம். நம் ரத்தத்தில் அந்த அளவு ஏறினால் பிழைக்க மாட்டோம். அந்த நஞ்சும் ரத்தத்தில்தான், பல்லில் இல்லை.

அடுத்த முறை அரணை வந்தால் கம்பைத் தேடாமல் கதவைத் திறந்து வையுங்கள். வந்த வழியை அது மறந்திருக்காது.