விரல் மடங்காத கைக்கு எந்த டார்ச்?

அம்மாவுக்கு முடக்குவாதம். நல்ல டார்ச் ஒன்று சொல்லுங்கள். அவசரம். (வாசகர், ஈரோடு)

எந்தக் கை, எந்த விரல் மடங்கவில்லை, டார்ச் வீட்டுக்குள் நடக்கவா, கொல்லைப்புறம் போகவா? ஒன்றையும் எழுதாமல் அவசரம் என்று மட்டும் எழுதினால் என்ன சொல்வது? ஒன்று மட்டும் செய்யுங்கள். கடையில் நீங்கள் அழுத்திப் பார்த்து வாங்காதீர்கள். அம்மா அழுத்திப் பார்க்கட்டும். மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொண்டு வாங்கி, மறுநாள் விடிந்ததும் அவர் கையில் கொடுங்கள். முடக்குவாதத்தில் காலை நேரத்து மூட்டு இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். மாலையில் இசைந்த சுவிட்ச் விடியற்காலையில் இசையாது.

சுவிட்ச் பின்பக்கம் இருந்தால் நல்லதா, பக்கவாட்டிலா? (வாசகி, கும்பகோணம்)

பக்கவாட்டில். பின்பக்கச் சுவிட்சை அழுத்தக் கட்டைவிரலை மடக்கிக் குத்த வேண்டும். நுனியில் கொடுக்கும் அழுத்தம் கட்டைவிரலின் அடிமூட்டில் பல மடங்காக இறங்கும். கையில் தேய்மானம் அதிகம் காணும் மூட்டுகளில் அதுவும் ஒன்று. தலையைத் திருகி எரியவைக்கும் டார்ச் வேண்டவே வேண்டாம், அதற்கு இரண்டு கையும் வேண்டும்.

2,000 லூமென்ஸ் வெளிச்சம், ஐந்து விதமாக எரியும் என்று போட்டிருக்கிறது. விலையும் குறைவு. அப்பாவுக்கு வாங்கலாமா? (வாசகர், மதுரை)

வேண்டாம். இந்த 'ஐந்து விதம்' என்னை நெடுநாளாக எரிச்சலூட்டுகிறது. ஒரு முறை அழுத்தினால் முழு வெளிச்சம், அடுத்து பாதி, அடுத்து மங்கல், பிறகு கண்ணைப் பறிக்கும் மினுக்கல், பிறகு ஆபத்துச் சமிக்ஞை. அணைக்க ஆறாவது முறை அழுத்த வேண்டும். ஒரு முறை அழுத்தவே பல்லைக் கடிக்கும் கைக்கு இது தண்டனை. இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குப் போகிறவர் தவறி ஒரு அழுத்து கூடுதலாக அழுத்தினால், எதிரே சுவர் மினுக்மினுக்கென்று வெட்டும். வயதானவர் தடுமாறி விழ அது போதும். வீட்டில் யார் கடலில் தத்தளித்து ஆபத்துச் சமிக்ஞை அனுப்பப் போகிறார்கள்? தயாரிப்பவர்கள் பெட்டியில் அச்சிடும் வரிகளை நினைக்கிறார்கள், பிடிக்கும் கையை நினைப்பதில்லை.

லூமென்ஸ் கணக்கும் அப்படித்தான். மலிவு டார்ச்சுகளில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். வீட்டுக்குள் 100 லூமென்ஸ் தாராளம். அதற்கு மேல் போனால் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிக் கண் கூசும். ஒரு அழுத்தில் எரிந்து மறு அழுத்தில் அணையும் டார்ச்சாகத் தேடுங்கள். வாங்கியபின் அப்பாவே அழுத்திப் பார்க்கட்டும், அதுவும் காலையில்.

செல் போடுவதா, சார்ஜ் செய்வதா? (வாசகி, நாகர்கோவில்)

சார்ஜ். செல் மாற்ற மூடியைத் திருக வேண்டும், ஸ்பிரிங்கை எதிர்த்து அழுத்த வேண்டும். அதுவும் மூன்று சின்னப் பென்சில் செல்லை ஒரு கூண்டில் செருகும் வகை நல்ல கைக்கே தொல்லை. டைப்-சி முனை உள்ளதாக வாங்குங்கள், எப்படித் திருப்பினாலும் நுழையும். முனையை மூடும் ரப்பர் மூடியை நகத்தால் நெம்ப வேண்டியிருந்தால் வாங்காதீர்கள். தாங்கியில் வைத்தாலே சார்ஜ் ஆகும் வகை கிடைத்தால் அதுவே மேல்.

பழைய பெரிய செல் டார்ச் ஒன்று இருக்கிறது. போதாதா? (வாசகர், திருவண்ணாமலை)

கனம். இரண்டு செல் மட்டுமே 200 கிராமைத் தொடும். தள்ளும் சுவிட்சும் துருப்பிடித்து இறுகியிருக்கும்.

டார்ச் மெலிதாக இருப்பதால் பிடி நழுவுகிறது. (வாசகி, சேலம்)

மெலிந்த பிடிக்கு விரலை இறுக மடக்க வேண்டும், வலி அங்கேதான். மூன்று நான்கு சென்டிமீட்டர் பருமன் இருக்கட்டும். சைக்கிள் கடையில் கிடைக்கும் கைப்பிடி ரப்பரைச் சோப்புத் தண்ணீர் தடவி மேலே ஏற்றுங்கள். சுவிட்சையும் செல் மூடியையும் மறைக்காதபடி வெட்டிக்கொள்ளுங்கள். சுவிட்ச் இறுக்கமென்றால் இது உதவாது, மாற்றத்தான் வேண்டும்.

செல்போன் விளக்கே போதுமே? (வாசகர், சென்னை)

உங்களுக்குப் போதும். விரல் நேராக நிமிராதவர் திரையைத் தொட்டுத் தேடி எடுப்பதற்குள் இருட்டிலேயே நாலடி நடந்துவிடுவார்.

படுக்கையிலிருந்து கழிப்பறை வரை மட்டும்தான் வெளிச்சம் வேண்டும். (வாசகி, புதுச்சேரி)

கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். டார்ச்சே வேண்டாம். ஆள் நடமாட்டம் கண்டு தானே எரியும் சிறு விளக்கு இரண்டு வாங்கி, ஒன்றைக் கட்டிலருகிலும் ஒன்றைக் கழிப்பறை வாசலிலும் முழங்கால் உயரத்தில் ஒட்டுங்கள். மின்வெட்டிலும் எரிய வேண்டுமென்றால் உள்ளே பேட்டரி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.