டெங்கு இல்லாத வீட்டுக்கு பீ.எச்.ஐ. ஏன் வந்தார்?

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) ஒருவர்

கேள்வி: என் மகன் மூன்று நாள் காய்ச்சலோடு ஆசுபத்திரியில் இருந்தான். டெங்கு இல்லை என்று சொல்லித்தான் ரிக்கற் வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். அதற்குள் பீ.எச்.ஐ. வீட்டுக்கு வந்து கிணற்றடி, பூச்சாடி, கோழிக்கூடு எல்லாம் பார்த்தார். அயலட்டை முழுக்க வேடிக்கை பார்த்தது. எங்களைக் கேட்காமல் விபரம் கொடுக்க ஆசுபத்திரிக்கு என்ன உரிமை?
– வாசகி, கோண்டாவில்

பதில்: கொடுக்காமல் விட்டிருந்தால்தான் பிழை, தங்கச்சி. தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1897இல் வந்தது, இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. டெங்கு என்று சந்தேகம் வந்தாலே போதும், வைத்தியர் 'எச் 544' என்ற நோய் அறிவித்தல் படிவத்தை நிரப்பி, நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்துதான் பீ.எச்.ஐ. வீட்டுக்கு வருகிறார். தனியார் வைத்தியருக்கும் இந்தக் கடமை உண்டு. சட்டத்தின்படி பார்த்தால் நாட்டுப் பரியாரியாருக்கும் உண்டு. ஆனால் பரியாரியார் அனுப்பிய 544 ஒன்றை என் 31 வருட சேவையில் நான் கண்டதில்லை!

இரத்த முடிவு வரும்வரை பொறுத்தால் என்ன என்று கேட்பீர்கள். நோயாளியைக் கடித்த நுளம்பு எட்டுப் பன்னிரண்டு நாளில் அடுத்தவருக்குப் பரப்பத் தொடங்கிவிடும். முட்டை நுளம்பாக மாறவும் ஒரு வாரம், பத்து நாள் போதும். ஓடித் திரிய எங்களுக்குக் கிடைப்பது அந்த இடைவெளிதான்.

2017இல் நாடு முழுக்க 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல் சந்தேக நோயாளிகள் பதிவானார்கள். என் மேசையில் 544 கத்தையாகக் கிடந்தது. அதில் ஒன்று ஒரு பெடியனுடையது. படிவத்தில் இருந்த முகவரிக்குப் போனால் அது மாமா வீடு. காய்ச்சல் வந்த பிறகுதான் அங்கே வந்து படுத்திருக்கிறான், சொந்த வீடு தென்மராட்சியில். அந்தப் பகுதிப் பரிசோதகருக்குத் தகவல் போய்ச் சேர ஆறு நாள் ஆகிவிட்டது. அவர் போனபோது பக்கத்து வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். பெடியன் வீட்டின் பின்னால் பழைய லொறி டயர் இரண்டு, பாதிக்கு மழைத் தண்ணீர்.

ஆகவே முகவரி கேட்டால், காய்ச்சல் தொடங்க முன் இரண்டு வாரமும் எங்கே இருந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பூச்சாடித் தட்டை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உரஞ்சிக் கழுவுங்கள். முட்டை ஓரத்தில் ஒட்டியபடி, காய்ந்தும் மாதக்கணக்கில் கிடக்கும்.

அயலவர் காதில் விழ நோயின் பெயரை உங்கள் வீட்டுக்கு வந்த பீ.எச்.ஐ. சொல்லியிருந்தால் அது தவறு. பணிமனையில் முறையிடலாம்.

கேள்வி: எலிக்காய்ச்சல் வராமல் இருக்க, வயலில் இறங்க முன் குளிசை போடலாமாமே? கடையில் வாங்கலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: கடை வேண்டாம். உங்கள் பகுதி பீ.எச்.ஐ.யிடம் கேளுங்கள், பணிமனையில் இலவசமாகக் கிடைக்கும். டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம், கிழமைக்கு ஒரு தரம், சாப்பாட்டுக்குப் பிறகு. கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. ஒவ்வாமை ஏதும் இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். குளிசை போட்டும் காய்ச்சல் வந்தால், வயலில் இறங்கியதை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்க மறந்துவிடக்கூடும்.