போலீஸிடம் கொலையை ஒப்புக்கொண்டவர் விடுதலையாவது எப்படி?

"நான்தான் வெட்டினேன் என்று போலீஸிடம் ஒப்புக்கொண்டதாகப் பேப்பரில் படிக்கிறோம். சில வருடம் கழித்து அதே ஆளை ஐகோர்ட் விடுதலை செய்கிறது. அப்படியானால் ஒப்புக்கொண்டதற்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொலை வழக்கு மேல்முறையீடுகளில் வாதாடும் வக்கீல் என்ற முறையில் சொல்கிறேன். போலீஸிடம் சொன்ன ஒப்புதலை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது. அப்படி இருப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

இது நேற்று வந்த சலுகை அல்ல. 1872-ல் வெள்ளைக்காரர் கொண்டுவந்த சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது 25-வது பிரிவு. போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் சொன்னாலும், மாஜிஸ்திரேட் நேரில் இல்லாவிட்டால் அதுவும் செல்லாது என்றது 26-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் இவை 23-வது பிரிவாக வந்திருக்கின்றன. எண் மாறியதே தவிர விஷயம் மாறவில்லை. காவல் நிலையத்துக்குள் என்ன நடக்கும் என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய சட்டத்தில் அது 27-வது பிரிவு. கொலை வழக்குகளில் பாதிச் சண்டை இதன் மீதுதான். காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு விஷயம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால், அதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட அளவுக்கு மட்டும் அந்தப் பேச்சைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊர் கொலை வழக்குக் கட்டு எதைப் பிரித்தாலும் அநேகமாக இப்படி ஒரு வரி இருக்கும்: "என்னை அழைத்துச் சென்றால் கொலைக்குப் பயன்படுத்திய அரிவாளை மறைத்து வைத்திருக்கும் இடத்தைக் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்." கீழே கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அடுத்து பறிமுதல் மகஜர், அதாவது பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பத்திரம். இந்த வரியில் எது செல்லும், எது செல்லாது என்பதை 1946-லேயே, அன்றைக்கு நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் புலுக்குரி கோட்டய்யா வழக்கில் பிரித்துக் காட்டிவிட்டது. அரிவாள் இன்ன இடத்தில் இருக்கிறது என்பது இவருக்குத் தெரியும் என்ற அளவுக்குச் செல்லும். "கொலைக்குப் பயன்படுத்திய" என்ற பகுதி செல்லாது. அந்த அரிவாளால்தான் வெட்டினார் என்பதை அரசுத் தரப்பு வேறு சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் சில விசாரணை நீதிமன்றங்களில் முழு வாக்குமூலத்தையும் அப்படியே சான்றாவணமாகக் குறியீடு செய்துவிடுகிறார்கள். அப்போது எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபிக்கவில்லை என்பதற்காக அது செல்லுபடியாகிவிடாது. மேல்முறையீட்டில் முதல் வேலையாக அதை ஓரம் கட்டிவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். பல வழக்குகளில் மிச்சம் ஒன்றும் இருக்காது. 2022-ல் ஒரு கர்நாடக வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர்களின் ஒப்புதலைப் போலீஸ் வீடியோ எடுத்து, அது தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் ஒளிபரப்பானதை உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. முழு வாக்குமூலத்தையும் ஆவணமாக்கும் பழக்கத்தையும் சேர்த்தே கண்டித்தது.

அந்த அரிவாள் விஷயத்தில் நாங்கள் பார்ப்பது இவைதான். யார் வேண்டுமானாலும் போய்வரும் முள்காட்டில் எடுத்தார்களா, பூட்டிய வீட்டிலா? அந்த இடம் போலீஸுக்கு முன்பே தெரியுமா? வாக்குமூலம் கொடுத்த நேரத்தில் மகஜர் சாட்சிகள் உண்மையில் அங்கே இருந்தார்களா, பிறகு கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்களா? அரிவாளில் இருந்த ரத்தம் இறந்தவரின் ரத்த வகைதானா? 2022-ல் சுப்ரமண்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் வலியுறுத்தியது: சாட்சிகள் முன்னிலையில் அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே பதிவாகியிருக்க வேண்டும்.

இதே பிரிவு உண்மையான குற்றவாளியைச் சிக்கவைக்கவும் செய்யும். 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த புதுச்சேரி வழக்கு நல்ல உதாரணம். வேறொரு கொலைக்காகப் பிடிபட்டவர் சொன்ன தகவலின்பேரில், காணாமல் போயிருந்த ஒருவரின் உடல் எச்சங்கள் ஒரு வீட்டின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுக்கப்பட்டன. அவர் சொல்லாமல் போலீஸ் அங்கே போயிருக்கவே முடியாது. அதனால் தண்டனை நின்றது.

அப்புறம், தமிழ்நாட்டில் அடிக்கடி வருவது வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) கதை. கொலை செய்தவர் நேராக வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போய், முன்பின் அறிமுகமில்லாதவரிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்கிறார். வி.ஏ.ஓ. அதை எழுதிக் கையெழுத்து வாங்கி, ஆளோடு சேர்த்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார். வி.ஏ.ஓ. போலீஸ் அதிகாரி அல்ல என்பதால் 25-வது பிரிவு குறுக்கே வராது. இப்படிப்பட்ட வாக்குமூலத்தை ஏற்று தண்டித்த தீர்ப்புகளும் உண்டு. ஆனால் தெரியாத ஒருவரிடம் போய் ஏன் சொல்ல வேண்டும் என்று நீதிபதிகள் கேட்பார்கள். குறுக்கு விசாரணையில் அதற்கு உருப்படியான பதில் வராவிட்டால் அந்தச் சாட்சியம் தேறாது. நீதிமன்றத்துக்கு வெளியே சொன்ன ஒப்புதல் பலவீனமான சாட்சியம் என்பதுதான் பொது விதி.

மாஜிஸ்திரேட் முன்பு கொடுப்பது வேறு. போலீஸை வெளியே அனுப்பிவிட்டு, "சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும்" என்று எச்சரித்து, யோசிக்க அவகாசம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அவர் அதை மறுத்தாலும் அது செத்துப்போவதில்லை. ஆனால் முக்கிய விவரங்களில் வேறு ஆதாரம் துணைக்கு வராமல் அதை மட்டும் வைத்துத் தண்டிப்பது பாதுகாப்பில்லை என்பது நீண்டநாள் நடைமுறை.

இந்தத் தடைகளை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ராஜீவ் காந்தி கொலை வழக்கைச் சொல்வேன். அப்போது நடைமுறையில் இருந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் 15-வது பிரிவுப்படி எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாக இருந்தது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 4 பேருக்கு மட்டும் தூக்கை உறுதிசெய்து, 3 பேருக்கு ஆயுள் தண்டனை என்றாக்கி, 19 பேரை விடுவித்தது. தடா குற்றமே நிரூபணமாகவில்லை என்றும் சொன்னது. ஆனாலும் தடாவில் பதிவான வாக்குமூலங்கள் கொலைக் குற்றத்துக்குச் செல்லும் என்றது. இது இன்றும் எனக்கு ஏற்க முடியாத முடிவு.

அந்த நால்வரில் ஒருவர் பேரறிவாளன், கைதானபோது வயது 19. வெடிகுண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட இரண்டு பேட்டரியை வாங்கிக் கொடுத்ததுதான் அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் ஓய்வு பெற்ற பிறகு, 2013-ல், "எதற்காக அந்த பேட்டரி என்று எனக்குத் தெரியாது" என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2022 மே 18 அன்று பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்குக் காரணம் கருணை மனு மீதான ஆளுநரின் தாமதம். தீர்ப்பு தவறு என்று அது சொல்லவில்லை. விட்டுப்போன அந்த ஒரு வரிக்கு எந்த நீதிமன்றமும் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படிச் சிக்கியிருந்தால் ஒன்று செய்யுங்கள். ரிமாண்டுக்குக் கொண்டுபோகும்போது போலீஸ் அடித்தார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்பார். மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அங்கேயே, அப்போதே சொல்லச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். காயம் இருந்தால் காட்டி, ரிமாண்டு உத்தரவில் பதியச் சொல்ல வேண்டும். வருடங்கள் கழித்து மேல்முறையீட்டில் நாங்கள் முதலில் தேடுவது அந்தப் பதிவைத்தான்.