கல்லூரி முதலாம் ஆண்டில் படிப்பை எப்படி ஒழுங்கு செய்துகொள்வது?

பள்ளியில் நன்றாகப் படித்தவர்கள்கூடக் கல்லூரி முதல் பருவத்தில் திணறுவது ஏன், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் யாராவது தினமும் கேள்வி கேட்டு விரட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே அப்படி யாரும் இல்லை. அந்த வேலையும் உங்கள் தலையில்தான்.

வகுப்பு முடிந்த அன்றே குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, நினைவில் நிற்பதை வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். சிவப்பு அதிகமான இடம்தான் நீங்கள் படிக்க வேண்டிய இடம். திரும்பத் திரும்ப வாசிப்பது சுகமானது, ஆனால் ஏமாற்றும். உளவியல் ஆய்வாளர்களான ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததிலோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். ஆகவே சில நாள் இடைவெளி விட்டு அதே பாடத்தை மறுபடி எழுதிப் பாருங்கள்.

பாடத்திட்டம் கைக்கு வந்ததும் எல்லாத் தேர்வுத் தேதிகளையும் ஒப்படைப்புக் கெடுக்களையும் ஒரே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். மூன்று கெடுக்கள் ஒரே வாரத்தில் விழுவது அப்போதுதான் கண்ணில் படும். விலையுயர்ந்த செயலிகள் தேவையில்லை (அவற்றை அலங்கரிப்பதிலேயே பலருக்குப் பொழுது போய்விடுகிறது).

ஆசிரியரிடம் போகும்போது "எதுவும் புரியவில்லை" என்று நிற்காதீர்கள். போட்டுப் பார்த்த கணக்கைக் கையோடு கொண்டுபோய், எந்த வரியில் தடுமாறினீர்கள் என்று காட்டுங்கள்.